அரை இஞ்சு

நாளைக்குச் செய்முறைத் தேர்வு.
பெருந்துறையில் கரண்டு போய்,
ஜெனரேட்டர் இருமி, மறுபடி கரண்டு வந்து
ஒன்பது மணி ஆகிவிட்டது.
பதினோராம் மேசையில்
நானும் அவரும் மட்டும்.

பெயர் எழுதி வைப்பதில்லை இங்கே.
பாரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டிருந்தது:
தொழில் – மஞ்சள் மண்டி, மூட்டை.
பிடரியின் காய்ப்பு
அதைப் பாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தது.

வலது தோள் அப்படியே புத்தகம்.
மார்புத்தசை அதன் இடத்தில்,
முதுகின் அகலத்தசை அதன் இடத்தில்,
நடுவே நரம்புகள்
தறிக்கு இழுத்த பாவு மாதிரி.
பையன்கள் மதிப்பெண் வாங்குவதற்கென்றே
செய்து வைத்த தோள்.

இடது பக்கம்
கொழுப்பை விலக்கிக்கொண்டே போனால்
சுண்டுவிரல் அகலத்தில் ஒரு பட்டை.
முதுகிலிருந்து பிரிந்து,
கம்புக்கூட்டைக் குறுக்கே தாண்டி,
ரத்தக்குழாய், நரம்பு எல்லாவற்றுக்கும் மேலாக
மார்பில் போய் ஒட்டியிருக்கிறது.
பங்காளி தோட்டத்துக்குத் தண்ணி விட
வேலியைத் தாண்டிப் போட்ட பைப்பு.

நூற்றுக்கு ஏழு பேருக்கு இருக்கும் என்பார்கள்.
மூன்று என்பவர்களும் உண்டு, பத்து என்பவர்களும்.
அவரவர் மேசைக்கு வந்தவர்களைப் பொறுத்தது.

துறைத்தலைவர் போனில் சொன்னார்:
"வர்ற எக்ஸாமினர் ரொம்பக் கறார்ம்மா.
பசங்க குழம்பிருவாங்க.
அத எடுத்து விட்டுருங்க. க்ளீனா இருக்கட்டும்."

கத்தரி கையில்தான் இருந்தது.
ஒரு நறுக்கு.
அதன் பிறகு அவர்
படத்தில் இருக்கிற ஆள்.

பெரிதாக ஒன்றும் நினைத்துவிடவில்லை நான்.
இந்தத் தசை
ஒரு மூட்டையைக்கூடத் தூக்கித் தந்திருக்காது.
தூக்க விடாமல் தடுத்துமிருக்காது.
நடைக்கு இத்தனை என்று கூலி எண்ணியவனுக்கு
ரெண்டு தோளும் ஒரே தோள்.
அவருக்கும் தெரிந்திருக்காது.
அது பாட்டுக்கு இருந்திருக்கிறது,
வாடகை கொடுக்காமல்.

சாவிக்கொத்தோடு சென்னியப்பன் வந்து நின்றார்.
"பூட்டிரட்டுங்களா மேடம்? சென்னிமலைப் பஸ்ஸு போயிருமுங்."
இதைப் பாருங்கள் என்றேன்.
குனிந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை,
அந்தக் காலமெல்லாம் போய்விட்டது.
"மிச்சத் துணியில பட்டி வெச்சுத்
தெச்சாப்பல இருக்குதுங்."

தெச்சாப்பல.

காஞ்சிக்கோவில் ரோட்டில் சாந்தாமணி
எட்டு வருஷமாக என் ரவிக்கைக்கு
இடது கைக்குழி மட்டும்
அரை இஞ்சு கூட்டி வெட்டுகிறாள்.
முதல் தடவையே சொன்னாள்:
"இந்தப் பக்கம் கொஞ்சம் திட்டமா இருக்குதுங்க்கா."
கொழுப்பாக இருக்கும் என்று
ஒரு மாதம் ராத்திரிச் சோற்றை விட்டேன்.

கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு,
சென்னியப்பன் ஜன்னல் சாத்தப் போன நேரம்
சுவரைப் பார்த்து நின்று
இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.
வலது கை விரல்களை உள்ளே விட்டேன்.
கொடிக்கயிறு மாதிரி ஒன்று
விரலுக்கடியில் உருண்டு நழுவியது.
மறுபடி பிடித்தேன். மறுபடி நழுவியது.

பதினோரு வருஷமாகத் தோள் பாடம் எடுக்கிறவள்.

கத்தரியைக் கழுவி வைத்தேன்.
அந்தப் பட்டையில் ஒரு குண்டூசி,
குண்டூசியில் ஒரு சீட்டு:
கேள்வி பதினேழு. இது என்ன?

காலையில் நாற்பது பேர் எழுதினார்கள்.
நரம்பு என்றார்கள், தழும்பு என்றார்கள்,
மூலனூர்க்காரப் பெண் ஒருத்தி
கேள்விக்குறியைத் திருப்பிப் போட்டிருந்தாள்.
எக்ஸாமினர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
பதினேழாம் கேள்வியை ரத்து செய்தார்.
கேள்வியை மட்டும்.

சனிக்கிழமை சாந்தாமணி டேப்பைச் சுற்றும்போது
அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினாள்.
"அதே அளவுதானுங்களே?"

அதேதான் என்றேன்.